வைஃபை கார்டு மாட்டியாயிற்று, சிக்னல் எங்கே? மேசைக் கணினிக்கான பிழை நீக்கும் வழிமுறை

அத்தை வீட்டு மாடி அறையில் இருக்கும் கணினிக்கு அவர் மகன் புதிதாக ஒரு வைஃபை கார்டு வாங்கி மாட்டியிருந்தான். மறுநாளே தொலைபேசியில் புலம்பல். கார்டு மட்டமாம்; கணினியைக் கீழே தூக்கிக்கொண்டுபோய் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தால்தான் இணைகிறதாம்; கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டானாம். பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பித்தளை நிறத் திருகுமுனைகள் இரண்டும் மொட்டையாக நின்றன. “ஆன்டெனா எங்கேடா?” என்றேன். கார்டு வந்த அட்டைப்பெட்டியின் அடித்தட்டில் இருந்திருக்கிறது. அட்டைப்பெட்டி முந்தின ஞாயிற்றுக்கிழமையே பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது.

மேசைக் கணினியில் வைஃபை தகராறு என்று யார் கூப்பிட்டாலும் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது. இரவெல்லாம் உட்கார்ந்து டிரைவர் இறக்கிக்கொண்டிருப்பார்கள். கோளாறோ ஒரு திருகில், ஒரு கம்பியில், பாதி இறங்கிய ஸ்லாட்டில் இருக்கும். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டியதை முதலில் சொல்கிறேன். மவுஸைத் தொடுவது அதற்குப் பிறகு.

மாட்டும்போதே கவனிக்க வேண்டியவை

பெட்டிக்குள் மாட்டும் கார்டு இரண்டு உருவத்தில் வருகிறது. ஒன்று, மதர்போர்டில் கூடுதல் கார்டுகளுக்காக இருக்கும் பிசிஐஇ என்ற சிறிய ஸ்லாட்டில் நேராகச் செருகி, பின்பக்கத் தகட்டைத் திருகி நிறுத்துவது. இன்னொன்று, தபால்தலை அளவுள்ள எம்.2 கார்டு, 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். முதல் வகையின் வெப்பத்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பல சமயம் உள்ளே இந்த இரண்டாம் வகைதான் உட்கார்ந்திருக்கும். யுஎஸ்பியில் செருகும் குட்டி வைஃபைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றின் கதை வேறு.

எம்.2 கார்டு வாங்குபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. இன்டெலின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை பிசிஐஇ வழியாகப் பேசும் முழுமையான கார்டுகள். ஏஎம்டி மதர்போர்டிலும் வேலை செய்யும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை சிஎன்விஐ வகை. அவற்றில் வைஃபையின் மூளைப் பகுதி கார்டில் கிடையாது. இன்டெலின் சிப்செட்டுக்குள் இருக்கிறது. கார்டில் இருப்பது ரேடியோ மட்டும். ஏஎம்டி மதர்போர்டிலோ, அந்த வசதி இல்லாத பழைய இன்டெல் மதர்போர்டிலோ போட்டால் அது கச்சிதமாக உட்காரும், திருகும் பொருந்தும், ஆனால் உயிர் மட்டும் வராது. கடைசி இலக்கம் ஒன்றா பூஜ்யமா என்று பார்க்காமல் விலை குறைவு என்று வாங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

மாட்டுவதற்கு முன் கணினியை ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது. மின்கம்பி செருகியிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி மதர்போர்டுக்குக் காத்திருப்பு மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் எரியும் சின்ன விளக்கு அணைந்துவிட வேண்டும். பிறகு கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டுக் கார்டை உறையிலிருந்து எடுங்கள்.

சிறிய ஸ்லாட் இல்லை என்றாலோ, கிராஃபிக்ஸ் கார்டு அதை மறைத்துக்கொண்டிருந்தாலோ கவலை வேண்டாம். நீளமான ஸ்லாட்டிலும் இந்தச் சின்ன கார்டு வேலை செய்யும். விலை குறைந்த கேபினெட்டுகளில் பின்பக்கத் தகட்டை முன்னும் பின்னும் ஆட்டி உடைத்தெடுக்க வேண்டியிருக்கும். அதன் விளிம்பு பிளேடு மாதிரி; துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். கார்டைச் செருகியதும் பின்பக்கத் திருகை மறக்காமல் போடுங்கள். அந்தத் திருகு அலங்காரத்துக்கு அல்ல. பின்னால் தொங்கப்போகும் ஆன்டெனாவின் பாரம் கார்டை நெம்பும். திருகு இல்லாவிட்டால் ஸ்லாட்டிலிருந்து ஒரு நுனி மெல்ல மேலெழும். கீழே வரும் தொல்லைகளில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மாட்டிய பிறகு கணினியே எழுந்திருக்கவில்லை

பதற வேண்டாம். கார்டு கணினியைக் கொன்றுவிட்டது என்பது அபூர்வம். கையை உள்ளே விட்டபோது வேறு எதையோ இடித்திருப்பீர்கள். மின்விசிறி சுற்றியும் திரையில் ஒன்றும் வராவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டையும் ரேமையும் ஒருமுறை கழற்றி அழுத்தி மாட்டுங்கள். மின்விசிறியே சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய இணைப்பும், பவர் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பியும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு வைஃபை கார்டை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். கார்டு இல்லாமல் ஓடி, கார்டு இருந்தால் மட்டும் நின்றால் வேறு ஸ்லாட்டில் முயலுங்கள். அதிலும் நின்றால் கார்டைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். அதோடு இந்தப் பகுதி முடிந்தது.

கணினி ஓடுகிறது, கார்டு இருப்பதே தெரியவில்லை

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் நெட்வொர்க் அடாப்டர் பட்டியலில் கார்டின் பெயரும் இல்லை; மஞ்சள் முக்கோணத்தோடு பெயர் தெரியாத சாதனமும் இல்லை. இந்த நிலையில் டிரைவர் நிறுவுவது, ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுவது. மதர்போர்டுக்கே கார்டு தெரியவில்லை என்றால் விண்டோஸால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

முதலில் மின்சாரத்தைத் துண்டித்துக் கார்டைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் எண்ணெயோ தூசியோ படிந்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி செருகுங்கள். செருகும்போது இரு முனையும் ஒரே அளவு இறங்க வேண்டும். எம்.2 கார்டாக இருந்தால் அது முதலில் சாய்வாக நிற்கும். அழுத்திப் படுக்கவைத்துத் திருக வேண்டும். திருகு தொலைந்துவிட்டது என்று செல்லோடேப் ஒட்டி வைத்திருந்த கணினி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வெயில் காலம் வந்ததும் டேப் இளகியது, வைஃபை போனது.

அடுத்தது ஸ்லாட். சில மதர்போர்டுகளில் குறிப்பிட்ட சிறிய ஸ்லாட்டும் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் ஒன்று அந்த எம்.2 ஸ்லாட்டில் ஏறிய நாளிலிருந்து இந்த ஸ்லாட் செத்துக் கிடக்கும். மதர்போர்டின் கையேட்டில் அடிக்குறிப்பாக, பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கையேடு கையில் இல்லாவிட்டால் ஸ்லாட்டை மாற்றிப் பார்ப்பதே எளிது. எம்.2 கார்டு என்றால், மேலே சொன்ன சிஎன்விஐ விவகாரத்தை இந்த இடத்தில் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்றுவரை நன்றாக ஓடிய கார்டு, மின்வெட்டுக்குப் பிறகோ விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகோ காணாமல் போனால் கதை வேறு. கார்டின் சிப் ஏதோ ஒரு குழப்பமான நிலையில் உறைந்துபோயிருக்கும். ரீஸ்டார்ட் செய்தாலும் காத்திருப்பு மின்சாரம் அதைத் தொடர்ந்து விழித்திருக்க வைப்பதால் உறைவு கலையாது. ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, இரண்டு நிமிடம் விட்டுவிட்டு மறுபடி செருகுங்கள். நம்ப முடியாத அளவுக்கு எளிய வைத்தியம் என்பதால் பலர் செய்வதில்லை. இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் சுவிட்சை அணைத்ததோடு நின்றுவிடாமல் பிளக்கையே உருவ வேண்டும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவில் கணினியைத் துவக்கிப் பாருங்கள். எதையும் நிறுவ வேண்டியதில்லை. அங்கே வைஃபை வந்தால் குற்றவாளி விண்டோஸ். அங்கும் சாதனப் பட்டியலில் கார்டு இல்லையென்றால் கார்டோ ஸ்லாட்டோ போய்விட்டது. விண்டோஸை அழித்து மறுபடி நிறுவ ஒரு நாளைச் செலவழிப்பதைவிட இந்தப் பத்து நிமிடச் சோதனை மேல்.

பெயர் தெரிகிறது, ஆனால் மஞ்சள் முக்கோணம்

இதுதான் டிரைவரின் இடம். முதல் சிக்கல், இணையமே இல்லாத கணினிக்கு டிரைவரை எப்படி இறக்குவது. கார்டோடு வரும் குறுந்தகட்டைப் போட இன்றைய கணினிகளில் இடம் கிடையாது. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். கணினி அதைக் கம்பி வழி இணையமாகவே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டே சரியான டிரைவரைத் தேடி எடுத்துக்கொண்டுவிடும்.

எடுக்காவிட்டால், பெட்டிமேல் அச்சிட்ட பெயரை நம்பித் தேடாதீர்கள். ஒரே பெயரில் விற்கும் கார்டுக்குள் முதல் பதிப்பில் ஒரு சிப்பும் இரண்டாம் பதிப்பில் வேறு சிப்பும் இருப்பது சகஜம். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பண்புகளைத் திறந்து, ஹார்டுவேர் ஐடி என்ற விவரத்தைப் பாருங்கள். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். 10ஈசி (10EC) என்றால் ரியல்டெக். 14சி3 (14C3) என்றால் மீடியாடெக். 168சி (168C) என்றால் குவால்காம் ஏதெராஸ். அடுத்து வரும் நான்கு இலக்கம் சிப்பின் எண். அந்த எண்ணை வைத்துத் தேடினால் தவறாகாது. “எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் தருகிறோம்” என்று கூவும் மென்பொருள்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

டிரைவர் சரியாக இருந்தும் ‘கோட் 10’, சாதனம் துவங்கவில்லை என்று வந்தால், மேலே சொன்ன பிளக் வைத்தியத்தை முதலில் செய்யுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் மட்டும் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுங்கள்.

வைஃபை வருகிறது, புளூடூத் இல்லை

டிரைவரைத் தேடாதீர்கள், கம்பியைத் தேடுங்கள். வைஃபை பிசிஐஇ வழியாகப் போகிறது. புளூடூத்தோ இந்தக் கார்டுகளில் யுஎஸ்பி வழியாகப் போகிறது. அதற்காகவே பெட்டியில் ஒரு சிறு கம்பி கொடுத்திருப்பார்கள். ஒரு முனை கார்டில், மறுமுனை மதர்போர்டில் ஒன்பது ஊசிகள் கொண்ட யுஎஸ்பி 2.0 இணைப்பில். பெரும்பாலும் அந்தக் கம்பி, ஆன்டெனாக்களின் கதியைப் போலவே, பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பக்கத்திலேயே ஒன்பது ஊசியோடு ஒலிக்கான இணைப்பும் இருக்கும். ஊசி இல்லாத வெற்றிடம் இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் தவறானதில் இறங்காது. இறங்கவில்லை என்றால் அழுத்தாமல் பெயரைப் படியுங்கள். இருக்கும் யுஎஸ்பி இணைப்புகளையெல்லாம் கேபினெட்டின் முன்பக்கத் துளைகள் பிடித்துக்கொண்டிருந்தால் அவற்றில் ஒன்றைத் தியாகம் செய்யத்தான் வேண்டும்.

புளூடூத் வந்தும் ஹெட்போன் இரண்டடி தள்ளினாலே கரகரக்கிறது என்றால் அது ஆன்டெனா கோளாறு. பல கார்டுகளில் இரண்டு ஆன்டெனாவில் ஒன்றுதான் புளூடூத்துக்கும் சேர்த்து வேலை செய்கிறது. அந்த ஒன்று தளர்ந்திருக்கும்.

சிக்னல் ஒரு கோடு, வேகம் நத்தை

இதற்காகத்தான் பெரும்பாலோர் கூப்பிடுகிறார்கள். அத்தை மகன் விஷயத்துக்கும் இங்கேதான் திரும்ப வேண்டும்.

ஆன்டெனா இல்லாமலேயே கார்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் வேலை செய்ததே, அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. திருகுமுனையின் நடு ஊசியே ஒரு துளி அலையைப் பிடித்துவிடும். ஆகவே “கொஞ்சம் வருகிறது” என்பது ஆன்டெனா சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது. ஆன்டெனா இல்லாமல் ஓட்டினால் கார்டு எரிந்துவிடுமா என்று கேட்கிறார்கள். இவ்வளவு சிறிய திறனில் பொதுவாக எரியாது.

புதிய ஆன்டெனா வாங்கிக்கொள்ளச் சொன்னேன். எந்த வகை என்று சொல்லாமல் விட்டது என் தவறு. அவன் வாங்கி வந்தவை பார்ப்பதற்கு அச்சு அசல் அதே. இரண்டு சுற்று சுற்றியதும் முட்டி நின்றன. அவை 4ஜி ரவுட்டருக்கான ஆன்டெனாக்கள். வைஃபை கார்டின் முனைக்கு ஆர்பி-எஸ்எம்ஏ என்று பெயர். கார்டில் வெளிமரை, நடுவில் ஊசி. ஆன்டெனாவில் உள்மரை, நடுவில் துளை. சாதாரண எஸ்எம்ஏ ஆன்டெனாவில் உள்மரையும் ஊசியும் இருக்கும். மரை ஒன்றேதான், ஆகவே சுற்றத் தொடங்கும். ஊசியும் ஊசியும் மோதி நிற்கும். குறடு வைத்து முறுக்கினால் கார்டின் ஊசி வளைந்து, ஆன்டெனாவோடு கார்டும் போகும். இதற்கு நேர்மாறான ஜோடி இன்னும் மோசம்: துளையும் துளையும் சந்தித்தால் கடைசிவரை சுகமாகத் திருகிக்கொள்ளும், நடுவில் தொடர்பே இருக்காது. எனவே வாங்கும்போது பெயரைக் கேட்பதோடு நிற்காமல் துளை இருக்கிறதா என்று ஆன்டெனாவின் வாயைக் கண்ணால் பாருங்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் உறையில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். திருகுவது விரல் பலத்தோடு நிற்கட்டும்.

வெளியே எல்லாம் சரியாக இருந்தால் உள்ளே பாருங்கள். எம்.2 கார்டிலிருந்து பின்பக்க முனைக்கு இரண்டு மெல்லிய கறுப்புக் கம்பிகள் ஓடும். அவற்றின் நுனியில் கடுகு பருமனில் ஒரு வட்டப் பொத்தான். கார்டின்மேல் நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நசுங்கும். பழைய மினி பிசிஐஇ கார்டுகளின் பொத்தான் சற்றுப் பெரியது, எம்.2வில் இருப்பது எம்எச்எஃப்4 என்ற சிறியது. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய கம்பி இதில் பொருந்தாது. அந்தப் பெரிய வகையில் ஹிரோஸே நிறுவனத்தின் யு.எஃப்எல் பொத்தான்தான் பிரபலம். அதற்கு உற்பத்தியாளர் சொல்லும் ஆயுளே 30 முறை மாட்டுவதுதான். ஆகவே சும்மா கழற்றிக் கழற்றிப் பார்க்காதீர்கள்.

இரண்டில் ஒன்று மட்டும் தளர்ந்திருக்கிறதா என்று பெட்டியைத் திறக்காமலேயே ஓரளவு ஊகிக்கலாம். விண்டோஸில் வைஃபை இணைப்பின் பண்புகளில் இணைப்பு வேகம் என்று ஓர் எண் வரும். ரவுட்டருக்கு அருகில், 5 கிகாஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். வைஃபை 5 இரட்டை ஆன்டெனா கார்டு 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 866 காட்ட வேண்டும்; வைஃபை 6 கார்டு 1201 காட்ட வேண்டும். ரவுட்டரும் இரட்டை ஆன்டெனா கொண்டதாக இருந்தும் அந்த எண் 433, 600 என்று சரிபாதியில் நின்றால் ஒரு காது அடைத்திருக்கிறது என்று பொருள். எண் 72 என்றோ 144 என்றோ நின்றால் கணினி 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது, ஆன்டெனாவைத் திட்டாதீர்கள்.

இனி இடம். மேசைக் கணினியின் ஆன்டெனா இருப்பது வீட்டிலேயே மோசமான இடத்தில்: மேசைக்குக் கீழே, சுவரை ஒட்டி, கம்பிக் கற்றைக்கு நடுவில், இரும்புப் பெட்டியின் முதுகில். ரவுட்டர் கேபினெட்டின் முன்புறத் திசையில் இருந்தால் அலை அந்த இரும்பைத் தாண்டித்தான் வர வேண்டும். பெட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தாலே இரண்டு கோடு ஏறுவதைப் பார்க்கலாம். வழியில் ஸ்டீல் பீரோ நிற்கிறதா என்றும் பாருங்கள். நம் வீடுகளில் சுவரைவிட அலைக்குப் பெரிய எதிரி அதுதான். அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆன்டெனாவை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதற்கு உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சி ஆன்டெனா வடையின் ஓட்டைக்குள் செருகியிருக்கிறது. அலை பரவுவது வடையின் உருவத்தில். பக்கவாட்டில் வலு, குச்சியின் இரு நுனித் திசையிலும் வறட்சி. ரவுட்டர் அதே தளத்தில் இருந்தால் குச்சி செங்குத்தாக நிற்கட்டும். அத்தை வீட்டில் ரவுட்டர் கூடத்தில், கணினி அதற்கு நேர்மேலே மாடியில். செங்குத்தாக நிறுத்திய குச்சியின் நுனி ரவுட்டரைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது, அதாவது வடையின் ஓட்டை வழியாக. ஒன்றை நிமிர்த்தியும் ஒன்றைப் படுக்கவைத்தும் விட்டதில் நிலைமை தெளிந்தது. கடைகளில் 8 டிபிஐ, 10 டிபிஐ (அலையை எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு) என்று நீளமான ஆன்டெனாக்களைப் பெருமையாக விற்கிறார்கள். அது கூடுதல் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. வடையைத் தட்டையாக நசுக்குகிறது, அவ்வளவே. ஒரே தளத்தில் தூரம் கூடும். மாடிக்கும் கீழுக்கும் நடுவே இருப்பதும் குறையும்.

காந்த அடித்தட்டோடு கம்பி நீட்டிய ஆன்டெனா வாங்கி மேசைமேல் வைப்பது, என் கருத்தில், இந்தக் கட்டுரையிலேயே மிகப் பயனுள்ள செலவு. ஆனால் கம்பி குறைவாக இருக்கட்டும். மெல்லிய கம்பியில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு மீட்டருக்குள்ளேயே பாதி வலுவை இழந்துவிடக்கூடும். மூன்று மீட்டர் கம்பி வாங்கிப் பரண்மேல் வைத்தால், உயரத்தில் பெற்றதைக் கம்பியில் தொலைப்பீர்கள்.

அண்டைவீட்டு வைஃபை தெரிகிறது, சொந்த வைஃபை தெரியவில்லை

கைப்பேசியில் தெரியும் பெயர் கணினியில் மட்டும் தெரியாவிட்டால் அநேகமாகச் சேனல் விவகாரம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் வரை பயன்படுத்தலாம். அமெரிக்க வழக்கப்படி அமைத்த கார்டுகள் 11உடன் நிறுத்திக்கொள்ளும். ரவுட்டர் தானாகவே 12க்கோ 13க்கோ தாவிய நாளில் கணினிக்கு வைஃபை மறைந்துவிடும். ரவுட்டரின் அமைப்பில் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை நிலையாக வைத்தால் சரி. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. சில கார்டுகள் அவற்றை மெதுவாகத்தான் கவனிக்கும். 36ஐயோ 149ஐயோ வைத்துப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர்கள் ஒன்றுமே தெரியாவிட்டால் கார்டு வெறும் 2.4 கார்டா என்று பெட்டியைப் பாருங்கள். ‘150’, ‘300’ என்று போட்ட மலிவான கார்டுகளில் பெரும்பாலானவை அப்படித்தான்.

புதிய வைஃபை 6 ரவுட்டர் வந்தபின் பழைய கார்டு குருடானால், டிரைவரைப் புதுப்பியுங்கள். இன்டெலின் பழைய கார்டுகள் சிலவற்றில், பழைய டிரைவர் இருந்தால் வைஃபை 6 ரவுட்டரின் பெயரே பட்டியலில் வராது. டிரைவர்தான் காரணம் என்று நான் ஒப்புக்கொள்ளும் இன்னோர் இடம் இது. டிரைவரும் கைகொடுக்காவிட்டால் ரவுட்டரில் பாதுகாப்பை டபிள்யூபிஏ3 என்பதிலிருந்து டபிள்யூபிஏ2க்கு இறக்கிப் பார்க்கலாம்.

கோடு நிறைய இருக்கிறது, ஆனால் அடிக்கடி அறுந்துபோகிறது

அறுந்த அந்த நொடியில் கைப்பேசியைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் போயிருந்தால் ரவுட்டரைப் பிடியுங்கள். கைப்பேசியில் வைஃபை இருக்க, கணினியில் மட்டும் போனால் தொடர்ந்து படியுங்கள்.

தூக்க நிலையிலிருந்து எழுப்பிய பிறகு போகிறதா? டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியை எடுத்துவிடுங்கள். மடிக்கணினிக்கு வேண்டிய சிக்கனம். சுவர் மின்சாரத்தில் ஓடும் கணினிக்கு எதற்கு? விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்துங்கள். அது இருக்கும்வரை நீங்கள் செய்யும் ஷட்டவுன் முழு ஷட்டவுன் ஆகாது.

பென்டிரைவோ வெளி ஹார்டு டிஸ்க்கோ செருகும்போது மட்டும் போகிறதா? அது கற்பனை அல்ல. யுஎஸ்பி 3.0 ஓடும்போது எழுப்பும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் மேலேயே விழுகிறது. 2012இல் இன்டெலே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பின்பக்க நீல நிற யுஎஸ்பி துளைகளும் ஆன்டெனாவும் நாலு விரற்கடை இடைவெளியில் இருக்கும் மேசைக் கணினியில் இது இன்னும் உக்கிரம். ஹார்டு டிஸ்க்கை முன்பக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது போனாலும் பரிகாரம் அதுவே.

விளையாடும்போது மட்டும் போனால் கார்டைத் தொட்டுப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் விசிறிக்கு நேர்கீழே மாட்டியிருந்தால் வெந்நீர் ஊற்றியதுபோல் இருக்கும். ஒரு ஸ்லாட் தள்ளி மாட்டுங்கள்.

இணைந்திருக்கிறது, இணையம் இல்லை

இங்கே கார்டும் ஆன்டெனாவும் தங்கள் வேலையை முடித்துவிட்டன. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை. ரவுட்டரை அணைத்து மறுபடி போடுங்கள். முகவரி சரியாக இருந்தும் தளங்கள் எல்லாம் “பாதுகாப்பற்றது” என்று மறுத்தால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு அது பல வருடம் பின்னால் போய் நின்றால் மதர்போர்டின் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சிஆர்2032 என்று கேளுங்கள். கூட்டல் குறி மேலே பார்த்தபடி வைத்து, பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) தேதியைத் திருத்திவிட்டு வெளியே வாருங்கள்.